எக்ஸ் 11-ஐ விட்டு வேலண்டுக்கு மாறியவர்கள்: தமிழில் தட்டச்சு செய்வோர் அனுபவங்கள்

லினக்ஸில் விண்டோக்களைத் திரையில் காட்டி, நாம் தட்டும் விசைகளைச் செயலிகளுக்குக் கொண்டுசேர்க்கும் அமைப்பு ஒன்று உண்டு. பழையது எக்ஸ் 11, அதற்குப் பதிலாக வந்தது வேலண்ட். உபுண்டு லினக்ஸின் 25.10 பதிப்பில் லாகின் திரையின் மூலையில் உள்ள பல்சக்கரத்தை அழுத்திப் பார்த்தால் ‘உபுண்டு ஆன் எக்ஸ்ஆர்க்’ என்று எக்ஸ் 11-இல் நுழைய இருந்த வரியே இல்லை. உபுண்டுவின் மேசைச்சூழலான க்னோம் 49-இல் எக்ஸ் 11 அமர்வை இயல்பாகவே அணைத்து வைத்திருக்கிறார்கள். இன்னொரு லினக்ஸான ஃபெடோரா 43-உம் அதே வழி. க்னோம் போன்ற இன்னொரு மேசைச்சூழலான பிளாஸ்மாவில் 6.8 முதல் எக்ஸ் 11 அமர்வு இருக்காது என்று அதை உருவாக்கும் கேடிஈ-காரர்களும் அறிவித்துவிட்டார்கள். “சரிப்படாவிட்டால் பழையதற்கே திரும்பிக்கொள்ளலாம்” என்று இருந்தவர்களுக்கு அந்த வழி அடைபட்டு வருகிறது. உபுண்டு 24.04 எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவுப் பதிப்பு) வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இன்னும் நல்ல அவகாசம் உண்டு.

நான் மொழிபெயர்ப்பும் புத்தக வடிவமைப்பும் செய்கிறவன். நாள் முழுக்கத் தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு. வேலண்டுக்கு மாறி ஓராண்டுக்கு மேல் ஆகிறது. இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கேம், ஃபிரேம் ரேட், கிராஃபிக்ஸ் கார்டு என்றே பேசுகிறார்கள். தமிழில் வேலை செய்கிற நமக்கு இந்த மாற்றம் உறைப்பது கீபோர்டில்தான். அதனால் நம் ஆட்களின் அனுபவங்களை ஓரிடத்தில் சேர்த்து வைக்கலாம் என்று தொடங்குகிறேன்.

முதலில் எனக்குக் கிடைத்த நன்மை. என் லேப்டாப்பில் 14 அங்குலத்துக்குள் நெருக்கமான பிக்சல்கள்; பக்கத்தில் இருப்பதோ 24 அங்குல சாதாரண ஃபுல் எச்டி மானிட்டர். எக்ஸ் 11 எல்லாத் திரைகளையும் சேர்த்து ஒரே பரப்பாகத்தான் பார்க்கும். லேப்டாப்புக்காக எழுத்தைப் பெரிதாக்கினால் மானிட்டரில் பூதாகரமாகத் தெரியும். மானிட்டருக்கு ஏற்ப வைத்தால் லேப்டாப்பில் கண் வலிக்கும். எக்ஸ்ரேண்டர் என்ற திரை அமைப்புக் கட்டளையில் இழுத்துச் சுருக்கிச் சமாளித்தால் எழுத்து மங்கும். ஆங்கில எழுத்து மங்கினாலும் வாசித்துவிடலாம். தமிழில் மங்கினால் முதலில் காணாமல் போவது புள்ளி. அடுத்தது கி, கீ-க்கு இடையே உள்ள சுழி. மெய்ப்புப் பார்க்கிறவருக்கு அது பெரிய சங்கடம். வேலண்டில் திரைக்குத் திரை தனி அளவு வைக்கலாம். ஒன்றில் 150 சதவீதம், இன்னொன்றில் 100. வேலண்டை நேரடியாகப் பேசும் செயலிகள் அந்தந்தத் திரைக்கு ஏற்பத் தெளிவாக வரைகின்றன. லிப்ரெஆபீஸில் புள்ளிகள் கூர்மையாகத் தெரிவதைப் பார்த்தபோதே இனி இங்கேதான் என்று முடிவு செய்துவிட்டேன்.

வேலண்டை அறியாத பழைய செயலிகள் எக்ஸ்வேலண்ட் என்ற இடைநிலை வழியாக ஓடும். அவை மட்டும் 150 சதவீதம் போன்ற பின்ன அளவில் கொஞ்சம் மங்கும். எது எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடிக்க எக்ஸ்ஐஸ் நிரலைத் திறந்து வையுங்கள். மவுஸைப் பார்க்கும் இரண்டு கண்களை வரையும் சின்ன நிரல் அது. நேரடி வேலண்ட் விண்டோ மேல் மவுஸ் போனால் அந்தக் கண்கள் அசையாது. எக்ஸ்வேலண்ட் விண்டோ மேல் போனால் கூடவே திரும்பும்.

இப்போது கீபோர்டு. தமிழ்99-இல் க-வை இரண்டு முறை தட்டினால் ‘க்க’ வர வேண்டும். மெய்யை அடுத்து உயிரைத் தட்டினால் முந்தின எழுத்து உருமாற வேண்டும். அதாவது, முன்னால் என்ன எழுத்து இருக்கிறது என்று பார்த்து முடிவெடுக்க ஒரு நிரல் நடுவில் இருந்தே ஆக வேண்டும். வெறும் எக்ஸ்கேபி தளவமைப்பால் இதைச் செய்ய முடியாது. அதற்கு ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்ற கணக்குத்தான் தெரியும். அதனால்தான் ஐபஸ் என்ற உள்ளீட்டு நிரல், அதற்குத் தமிழ் விதிகளைத் தரும் எம்17என் எல்லாம் நமக்குத் தேவைப்படுகின்றன.

எக்ஸ் 11-இல் செயலி நேராக ஐபஸ்ஸுடன் பேசிக்கொள்ளும். ஜிடிகே ஐஎம் மாட்யூல், க்யூடி ஐஎம் மாட்யூல், எக்ஸ்மாடிஃபையர்ஸ் என்று ஐபஸ்ஸைச் சுட்டும் மூன்று வரிகளை ஒரு அமைப்புக் கோப்பில் போட்டு வைத்தால் தீர்ந்தது. வேலண்டில் செயலி, விண்டோக்களையெல்லாம் சேர்த்துத் திரையில் காட்டும் கம்போசிட்டரிடம் சொல்லும். கம்போசிட்டர் உள்ளீட்டு நிரலிடம் சொல்லும். இதற்கான நெறிமுறையின் பெயர் டெக்ஸ்ட்-இன்புட். அதிலும் பல பதிப்புகள். க்னோம் ஏற்பது மூன்றாம் பதிப்பை மட்டுமே. குரோம் போன்ற, குரோமியம் அடிப்படையிலான உலாவிகளும், அதே அடிப்படையில் செய்த எலக்ட்ரான் செயலிகளும் வெகுநாள் முதல் பதிப்பை மட்டுமே பேசின. அதனால் மேலே பட்டியில் ‘த’ என்று காட்டும், எழுத்துப் பெட்டியில் ஆங்கிலமே விழும். குரோமியத்தில் மூன்றாம் பதிப்பு 2024-இல்தான் வந்தது. இன்னும் சிக்கல் இருந்தால் உலாவியின் ஃபிளாக்ஸ் (சோதனை அமைப்புகள்) பக்கத்தில் ‘வேலண்ட் டெக்ஸ்ட் இன்புட் வி3’ என்பதைத் தேடி இயக்குங்கள். பழைய எலக்ட்ரான் செயலி என்றால் தொடங்கும் கட்டளையில் ஓசோன் பிளாட்ஃபார்மை எக்ஸ் 11 என்று கொடுத்துத் திறந்துவிடுங்கள். எக்ஸ்வேலண்டில் ஓடும், கொஞ்சம் மங்கும், ஆனால் தமிழ் வரும். ஃபயர்ஃபாக்ஸில் எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை.

அப்புறம், எனக்குப் பெரிய இழப்பு, விசைகளைத் தானே அழுத்தித் தரும் எக்ஸ்டூடூல் நிரல். அடிக்கடி வரும் நீண்ட தொடர்களை ஒரு விசைச் சேர்க்கையில் கொட்டும்படி வைத்திருந்தேன். வேலண்டில் அது செல்லாது. காரணத்தைத் தெரிந்துகொண்டபோது எனக்குக் கோபம் போய்விட்டது. எக்ஸ் 11 ஒரு திறந்த முற்றம் மாதிரி. யார் பேசினாலும் எல்லார் காதிலும் விழும். எக்ஸ் 11 அமர்வில் டெர்மினலைத் திறந்து ‘எக்ஸ்இன்புட் டெஸ்ட்’ என்று போட்டு உங்கள் கீபோர்டின் எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். பக்கத்து விண்டோவில் வங்கித் தளத்துக்கு நீங்கள் தட்டும் கடவுச்சொல்லின் ஒவ்வொரு விசையும் அங்கே எண்களாக ஓடும். ரூட் (நிர்வாகி) அனுமதிகூடக் கேட்காது. எக்ஸ் 1984-இல் எம்ஐடி-யின் அதீனா திட்டத்தில் பிறந்தது. 11-ஆம் பதிப்பு 1987-இல் வந்தது. ஒரே திரையில் ஓடும் நிரல்கள் ஒன்றையொன்று நம்பலாம் என்பது அந்தக் காலத்து எண்ணம். இணையத்திலிருந்து எதை எதையோ இறக்கி நிறுவுகிற இந்தக் காலத்துக்கு அது ஆபத்து. 2008-இல் வேலண்டைத் தொடங்கிய கிறிஸ்டியன் ஹோக்ஸ்பர்க் எக்ஸ் 11-ஐ உருவாக்கும் பணியிலேயே இருந்தவர். ஒட்டுப்போட்டுச் சரியாக்க முடியாது என்று உள்ளே இருந்து கண்டவர்கள் செய்த வேலை இது.

மாற்று வழி இதுதான். ஒய்டூடூல் என்ற நிரல், லினக்ஸின் மையமான கெர்னலின் யூஇன்புட் வழியாக விசைகளை அழுத்துகிறது, வேலண்டிலும் செல்லும். ஆனால் அதற்கு விசைகள்தான் தெரியும், தமிழ் எழுத்து தெரியாது. டபிள்யூடைப் என்ற நிரல் யூனிகோடு எழுத்தையே அனுப்பும்; அதற்கு வேண்டிய நெறிமுறை க்னோமில் இல்லை. அதனால் தொடரை முதலில் டபிள்யூஎல்-காப்பி மூலம் கிளிப்போர்டில் வைத்து, ஒய்டூடூலால் கண்ட்ரோல்-வி அழுத்த வைத்திருக்கிறேன். ஒரு நொடி தாமதம் இருக்கிறது. வேலை நடக்கிறது. எக்ஸ் 11-இல் எக்ஸ்மாட்மேப் கட்டளை செய்த விசை மாற்றங்களுக்கு கீடி என்ற நிரல் போதும். அது இன்னும் கீழே, கெர்னல் நிலையிலேயே செய்கிறது.

மாறப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். இன்று உங்கள் கணினியில் பின்னணியில் ஓடும் சின்னச் சின்னக் கருவிகளையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். எழுத்து விரிவாக்கி, திரைப்பிடிப்பு நிரல், கிளிப்போர்டு மேலாளர் எல்லாம். பெரிய செயலிகள் அநேகமாகப் பிரச்சினை செய்வதில்லை. இந்தச் சின்னவைதான் வேலை செய்யாமல் நின்றுபோகும். உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

* * *

வணக்கம் அண்ணா. நான் கேடிஈ பிளாஸ்மாவில் இருக்கிறேன். பள்ளி ஆசிரியை, வினாத்தாள் தயாரிப்பதுதான் முக்கிய வேலை. நீங்கள் சொன்ன அந்த மூன்று வரிகளால்தான் எனக்குச் சிக்கலே வந்தது. பிளாஸ்மா 6-இல் வேலண்ட் இயல்பான அமர்வாகிவிட்டதால், புதுக் கணினியில் பழைய அமைப்புக் கோப்புகளை அப்படியே கொண்டுவந்து வைத்தேன். சில செயலிகளில் தமிழ் வந்தது, சிலவற்றில் எழுத்து இரண்டிரண்டாக விழுந்தது.

பிளாஸ்மாவில் செய்ய வேண்டியது: ஐபஸ் போன்ற உள்ளீட்டு நிரலான ஃபிசிட்டிக்ஸ் 5-ஐயும் அதற்கான எம்17என் தொகுப்பையும் நிறுவி, அமைப்புகளில் கீபோர்டு பகுதிக்குள் ‘விர்ச்சுவல் கீபோர்டு’ என்ற இடத்துக்குப் போய் ஃபிசிட்டிக்ஸ் 5-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். தொடுதிரைக்கான இடம் என்று நினைத்து யாரும் அந்தப் பக்கமே போவதில்லை. உள்ளீட்டு நிரலை கம்போசிட்டரிடம் அறிமுகம் செய்கிற இடம் அதுதான். அப்புறம் ஜிடிகே, க்யூடி வரிகள் இரண்டையும் நீக்கிவிடுங்கள். எக்ஸ்மாடிஃபையர்ஸ் மட்டும் இருக்கட்டும். எக்ஸ்வேலண்ட் செயலிகளுக்கு அது வேண்டும்.

இணைய வகுப்பில் திரையைப் பகிர்வதைப் பற்றியும் சொல்ல வேண்டும். முன்பு பகிர் என்று அழுத்தினால் மொத்தத் திரையும் போய்விடும். இப்போது எந்த விண்டோ என்று கணினியே தனியாகக் கேட்கிறது. பைப்வயர் என்ற இடைநிரல் வழியாக அது மட்டுமே போகிறது. விடைக்குறிப்பு திறந்திருக்கும் கணினியில் வகுப்பு எடுக்கிற எனக்கு இது எவ்வளவு நிம்மதி தெரியுமா!

* * *

படம் வரைகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சிறுவர் இதழ்களுக்கு ஓவியம் போடுகிறேன், கிருத்தா என்ற ஓவிய நிரலில். எக்ஸ்செட்வேகம் கட்டளையால் பேனாவின் அழுத்த வளைவு, பட்டன்கள், எந்த மானிட்டரோடு டேப்லெட் இணைய வேண்டும் என்று எல்லாவற்றையும் ஒரே ஸ்கிரிப்டில் வைத்திருந்தேன். வேலண்டில் அந்த ஸ்கிரிப்ட் செல்லவில்லை. க்னோம் அமைப்புகளில் டேப்லெட்டுக்கு ஒரு பக்கம் இருக்கிறது. மானிட்டர் இணைப்பும் பட்டன்களும் அங்கே சரியாகிவிட்டன. அழுத்த வளைவை நுணுக்கமாக இழுக்க கிருத்தாவின் உள் அமைப்பைப் பயன்படுத்துகிறேன்.

இன்னும் மனம் ஆறாத விஷயம் வண்ணம். அச்சுக்குப் போகும் படத்துக்குத் திரை வண்ணம் நம்பகமாக இருக்க வேண்டும். வேலண்டில் வண்ண மேலாண்மைக்கான நெறிமுறை பல ஆண்டு விவாதத்துக்குப் பிறகு 2025 தொடக்கத்தில்தான் சேர்க்கப்பட்டது. கம்போசிட்டர்களும் செயலிகளும் அதை முழுதாக ஏற்றுச் சோதிக்கும் வரை அச்சு வேலைக்கு என் பழைய கணினியை எக்ஸ் 11-இலேயே வைத்திருக்கிறேன். அவசரப்படுகிற உத்தேசம் இல்லை. அன்றாட வேலையெல்லாம் புதியதில்தான். லேப்டாப் டச்பேடில் மூன்று விரலால் தள்ளி மேசை மாற்றுவதைப் பழகிய பிறகு பழைய கணினியில் உட்கார்ந்தால் கை தானாகத் தேடுகிறது.

* * *

எனக்குப் பார்வை கிடையாது. ஆர்கா திரைவாசிப்பானும் ஈஸ்பீக்கின் தமிழ்க் குரலும்தான் என் கணினி. மேலே எழுதியவர்கள் சொன்ன பாதுகாப்பு நியாயத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஆர்கா வேலை செய்ததே அந்தத் திறந்த முற்றத்தால்தான் என்பதையும் சொல்ல வேண்டும். நான் எந்த விண்டோவில் இருந்தாலும் ஆர்காவின் விசை அதன் காதில் விழ வேண்டும். எக்ஸ் 11-இல் விழுந்தது. வேலண்டில் கம்போசிட்டர் தனியாக வழி விட்டால்தான் விழும். அந்த வழியை மற்ற எல்லாவற்றுக்கும் பிறகுதான் போட்டார்கள். கேப்ஸ்லாக்கை ஆர்கா விசையாக வைத்திருப்பவர்களுக்கு க்னோம் 48-இல், 2025 மார்ச்சில்தான் இது முறையாகச் சரியானது. இந்த வரிசை எனக்கு வருத்தம். படம் ஓடும்போது திரை கிழிந்தாற்போல் தெரியாமல் இருப்பதற்கு முன்னால், திரையே தெரியாதவர்களை நினைத்திருக்க வேண்டும்.

இப்போது க்னோம் 48-இல் ஆர்காவும் தமிழ் உள்ளீடும் சேர்ந்து நன்றாகவே போகின்றன. என்னைப் போன்றவர்கள் மாறுவதானால் அதற்கு முந்தைய பதிப்புகளில் முயற்சி செய்ய வேண்டாம். வேறு மேசைச்சூழல் என்றால், முதலில் லைவ் யூஎஸ்பி-யில் ஏற்றி, ஆர்காவைத் தொடங்கி, கேப்ஸ்லாக் சேர்க்கைகள் பேசுகின்றனவா என்று கேட்டுவிட்டுப் பிறகு நிறுவுங்கள்.

* * *

தொடக்கப் பதிவை எழுதியவன். ஆசிரியை சொன்ன ‘விர்ச்சுவல் கீபோர்டு’ விவரம் எனக்கே புதிது, நன்றி மா. ஆர்கா பற்றி எழுதிய ஐயா, நீங்கள் சொன்னதை முதல் பதிவிலேயே சேர்த்திருக்க வேண்டியது முறை. மாறப் போகிறவர்கள் வீட்டில் திரைவாசிப்பான் பயன்படுத்துபவர் இருந்தால் அந்தப் பகுதியை முதலில் படியுங்கள்.

தனிச் செய்தியில் சிலர் என்விடியா கார்டு பற்றிக் கேட்டார்கள். திரைக்குப் படத்தைக் கொடுக்க மற்ற கார்டு நிறுவனங்கள் ஜிபிஎம் என்ற முறையில் போனபோது என்விடியா-காரர்கள் ஈஜிஎல்ஸ்ட்ரீம்ஸ் என்று தனி வழியில் நின்றார்கள். 2021-இல் 495 டிரைவர் வந்தபோது ஜிபிஎம் ஆதரவு சேர்ந்தது; எக்ஸ்வேலண்ட் விண்டோக்கள் மினுக்குவதைத் தீர்த்த எக்ஸ்பிளிசிட் சிங்க் என்ற ஒத்திசைவு முறை 2024-இல் 555 டிரைவரோடு வந்தது. ஆகவே 555-க்குக் கீழே உள்ள டிரைவரில் வேலண்டைச் சோதித்துப் பார்த்து முடிவுக்கு வர வேண்டாம். லினக்ஸ் மின்ட் பயன்படுத்துபவர்களுக்கு அவசரமே இல்லை. அதன் 21.3 பதிப்பில் சின்னமன் மேசைச்சூழலுக்கு வேலண்ட் அமர்வைச் சோதனையாகத்தான் கொடுத்தார்கள், எக்ஸ் 11 அங்கே இயல்பாக அப்படியே இருந்தது. நீங்கள் இப்போது எதில் இருக்கிறீர்கள் என்று தெரியாவிட்டால் க்னோம் அமைப்புகளில் ‘கணினி விவரம்’ பகுதியில் விண்டோயிங் சிஸ்டம் என்ற வரியைப் பாருங்கள்.