பத்தாண்டை நெருங்கும் எஸ்டிஐ: எஞ்சினைச் செப்பனிடுவதா, காரையே மாற்றுவதா?

ஈசூன்_பாக்ஸர்:
வணக்கம். சிங்கப்பூரில் 2016இல் பதிவான சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் எஸ்டிஐ கார் ஒன்றை வைத்திருக்கிறேன். 130,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சிஓஇ (காரைப் பத்தாண்டு வைத்திருக்க வாங்கும் உரிமைச் சான்றிதழ்) இவ்வாண்டு இறுதியில் முடிகிறது. அண்மைக் காலமாகக் காலையில் முடுக்கியதும் நீலப் புகை வருகிறது, எண்ணெயும் விரைவாகக் குறைகிறது. பட்டறையில் பிளக்குகளைக் கழற்றியபோது நான்காவது சிலிண்டரின் பிளக் மட்டும் எண்ணெய் படிந்து கறுத்திருந்தது. பிஸ்டன் உடைந்திருக்கும், பிஸ்டன்களும் சிலிண்டர்களும் அடங்கிய எஞ்சின் பகுதியான ஷார்ட் பிளாக்கையே மாற்ற வேண்டும் என்று சொல்லி 15,000 வெள்ளி கேட்கிறார்கள். அடுத்த தலைமுறை டபிள்யூஆர்எக்ஸில் பெட்ரோல் எஸ்டிஐ வராது என 2022இல் சுபாருவே அறிவித்துவிட்டதால் விட மனமில்லை. உங்கள் கருத்து என்ன?

கூட்டிக்கழித்து:
முதலில் சிஓஇயைப் புதுப்பிப்பீர்களா என்று முடிவு செய்யுங்கள். உங்கள் காரின் பதிவை இப்போது, பத்தாண்டு முடியும் முன், நீக்கினால், புதிதாகப் பதிந்தபோது கட்டிய கூடுதல் பதிவுக் கட்டணத்தில் பாதி உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும், அதற்கு எஞ்சின் நல்ல நிலையில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை ஏதுமில்லை. ஆகவே காரை விடுவதானால் 15,000 வெள்ளியைச் செலவழிப்பது வீண். உங்கள் காரின் திறந்த சந்தை மதிப்பு (அந்தக் கட்டணத்தைக் கணக்கிட, இறக்குமதியின்போது சுங்கத்துறை மதிப்பிட்ட விலை) 35,000 வெள்ளி என்று வைத்துக்கொண்டால் (உண்மைத் தொகை பதிவு விவரத்தில் இருக்கும்), அன்றைய விகிதப்படி கட்டணம் 41,000, பாதி 20,500. புதுப்பித்த மறுகணமே அந்தத் தொகை போய்விடும்.

எனவே செப்பனிடும் வழியின் உண்மையான விலை 15,000 அல்ல, 35,500. பத்தாண்டு தாண்டியதும் சாலை வரி ஆண்டுக்கு 10 விழுக்காடாகக் கூடி 50 விழுக்காடு வரை போகும். சோதனையும் ஆண்டுதோறும் வரும். சிஓஇ புதுப்பிப்புத் தொகையைப் பலரும் செப்பனிடும் பக்கம் மட்டுமே எழுதிவிட்டு மலைத்துப் போகிறார்கள், ஆனால் இதே வகைப் புதுக் கார் வாங்கினாலும் பெரிய எஞ்சின் கார்களுக்கான பி பிரிவு சிஓஇ கட்டத்தானே வேண்டும்? அது இரு பக்கமும் இருப்பதால் ஒப்பீட்டில் பெரும்பாலும் அடிபட்டுவிடும்.

காக்கிபுக்கிட்_கை:
கணக்கு சரிதான், ஆனால் நோய் இன்னும் உறுதியாகவில்லை. இந்த ஈஜே257 எஞ்சினில் பிஸ்டன் வளையங்களுக்கு இடைப்பட்ட மெல்லிய பகுதி உடைவது பலரும் அறிந்த பலவீனம், அதிலும் நான்காவது சிலிண்டரைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள். இருந்தாலும் பிளக்கை மட்டும் பார்த்து 15,000 வெள்ளி கேட்பது அவசரம். டர்போவின் (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி) சீல் தேய்ந்தாலும், எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வு அடைத்தாலும் நீலப் புகை வரும், அவற்றைச் சரிசெய்ய ஆகும் செலவு இதில் ஒரு சிறு பங்குதான். சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் சோதனையுடன், சிலிண்டருக்குள் காற்றை ஏற்றிக் கசிவைப் பார்க்கும் லீக்டவுன் சோதனையும் வேறொரு பட்டறையில் செய்யச் சொல்லுங்கள்: காற்றை ஏற்றும்போது எண்ணெய் ஊற்றும் வாயில் சீறல் கேட்டால் பிஸ்டன் பக்கம்தான் கோளாறு, டர்போக் குழாயிலோ புகைக்குழாயிலோ கேட்டால் வால்வு.

பிளாக்கை மாற்றுவதானால் எஞ்சின் எண்ணும் மாறும். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் பதிவில் அதைத் திருத்தும் பொறுப்பைப் பட்டறை ஏற்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். டைமிங் பெல்ட், நீர் பம்ப், கிளட்ச் ஆகியவை அந்த விலையில் அடங்குமா என்பதையும் கேளுங்கள். எஞ்சின் வெளியே வந்திருக்கும்போது அவற்றை மாற்றாமல் விடுவது பெரும் மடமை.

கூட்டிக்கழித்து:
இன்னொன்றைச் சேர்க்கிறேன். ஐந்தாண்டுப் புதுப்பிப்புக்குப் பாதித் தொகைதான், ஆனால் அதன் முடிவில் மீண்டும் புதுப்பிக்க இயலாது. புது பிளாக் போட்ட காரை ஐந்தாண்டில் உடைக்க அனுப்புவதில் பொருளில்லை. செப்பனிட்டால் பத்தாண்டுக்குப் புதுப்பியுங்கள், இல்லையேல் இரண்டையும் விடுங்கள்.

ஈசூன்_பாக்ஸர்:
இருவருக்கும் நன்றி. சனிக்கிழமை வேறொரு பட்டறையில் லீக்டவுன் சோதனைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். டர்போ சீல்தான் என்றால் பத்தாண்டுக்குப் புதுப்பித்துவிடுவேன். பிஸ்டன் என்று உறுதியானால் பதிவை நீக்கும் பக்கமே சாய்கிறேன், வீட்டிலும் அதைத்தான் சொல்கிறார்கள்.