கடைசி செமஸ்டர் மார்க் சரிந்தது: டிஏ (டீச்சிங் அசிஸ்டென்ட்) பணம் போய்விடுமா?

தங்கை பெங்களூருவில் பிஇ முடித்துவிட்டாள். ஏழு செமஸ்டர் வரை சிஜிபிஏ 8.6, எட்டாவதில் மட்டும் 6.2. அரியர் கிடையாது. பாதியில் ப்ராஜெக்ட் கைடு மாறியதில் மார்க் அடிபட்டது, அதற்குத்தான் கிரெடிட்டும் அதிகம்.

அமெரிக்காவில் எம்எஸ் சீட், கூடவே டிஏ வேலை. ஏப்ரல் 15 கெடுவுக்கு முன்பே ஒப்புக்கொண்டாள். விசாவுக்கான ஐ-20 படிவமும் வந்துவிட்டது. ஆஃபர் கடிதத்தில் 'இறுதி டிரான்ஸ்கிரிப்ட், பட்டச் சான்றிதழ் தர வேண்டும்' என்று மட்டும் இருக்கிறது, குறைந்தபட்ச மார்க் எதுவும் இல்லை.

டிபார்ட்மெண்டுக்குப் பொதுவாகக் கேட்டு மெயில் போட்டோம். கோடை விடுமுறை என்று தானியங்கி பதில். ப்ராஜெக்ட்டுக்கு மறுமதிப்பீடு இல்லையாம். ஜெயநகர் கன்சல்டன்சிக்காரர் ஏழு செமஸ்டர் மட்டும் காட்டச் சொல்கிறார். சரி, இறுதி டிரான்ஸ்கிரிப்ட் கேட்பார்களே!

இந்த நிலையில் சேர்ந்தவர்கள் சொல்லுங்கள்: மார்க்கை இப்போதே நாமாகத் தெரிவிப்பதா, டிரான்ஸ்கிரிப்ட் போகும்வரை பொறுப்பதா?