மெய்நிகர் உலகங்கள்: சொன்னதும் கிடைத்ததும்

கல்லடி ஆசிரியர்:
2003 இல் லிண்டன் லாப் நிறுவனம் தொடங்கிய செக்கன்ட் லைஃப் என்ற, கணினித் திரையில் நமக்கொரு உருவமெடுத்து உலாவும் மெய்நிகர் உலகைக் கண்டதும், வியாபாரமும் கல்வியும் இனி அங்கேதான் நடக்கும் என்று பத்திரிகைகள் எழுதின. ரொய்ட்டர் 2006 இல் அங்கே ஒரு செய்திப் பணியகத்தைத் திறந்து, 2008 இல் மூடியது. மாலைதீவும் சுவீடனும் 2007 இல் அங்கே தூதரகங்களைத் திறந்தன. கூகுளின் லைவ்லி என்ற இன்னொரு மெய்நிகர் உலகம் 2008 யூலையில் வந்து, அந்த ஆண்டு இறுதியிலேயே மறைந்தது. செக்கன்ட் லைஃப், ஒருமுறை எட்டிப்பார்த்துவிட்டுத் திரும்பி வராதவர்களையும் குடியிருப்பாளர் என்று எண்ணிக் காட்டியதை நான் எவ்வாறு ஏற்பேன்? 2021 ஒக்டோபரில் மெற்றா என்று பெயர் மாற்றிக்கொண்ட பேஸ்புக் நிறுவனம், இத்துறைக்கான தன் பிரிவில் 2022 இல் மட்டும் ஏறத்தாழ 1,370 கோடி டொலர் நட்டமடைந்தது.

அக்கரைப்பற்று நஸ்ரின்:
சேர், நட்டம் நிறுவனத்தினுடையது. அங்கே வாழ்கிறவர்களின் கணக்கு வேறு. விபத்தில் முதுகெலும்பு அடிபட்டு எட்டு வருடமாகக் கட்டிலோடு இருக்கும் என் தம்பி, நீங்கள் சொல்லும் அதே செக்கன்ட் லைஃபில் சாதாரணக் கணினியைக் கொண்டே வீடு கட்டுகிறான், அயலவருக்கு வேலி போட்டுக் கொடுக்கிறான். இங்கே வீட்டுக்கு வருகிற எவரும் முதலில் “எப்படி அடிபட்டது?” என்றே கேட்கிறார்கள், அங்கே அவனிடம் வேலியைப் பற்றிக் கேட்கிறார்கள். இருபது ஆண்டு கடந்தும் அவ்வுலகம் இயங்குகிறதே, அதைத் தோல்வி என்று எப்படிச் சொல்வீர்கள்?

களுவாஞ்சிக்குடி வாசகன்:
பிள்ளைகள் ரோப்லொக்ஸ் விளையாட்டுத் தளத்தில் மணிக்கணக்காக இருக்கிறார்கள். அதுவும் மெய்நிகர் உலகந்தான். 2006 இலேயே வந்துவிட்டது.

கல்லடி ஆசிரியர்:
தங்கச்சி, உங்கள் தம்பிக்குக் கிடைத்ததை நான் மறுக்கவில்லை, அதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் விளம்பரம் பேசியது அவரைப் போன்றவர்களைப் பற்றியல்ல. எல்லோருடைய வகுப்பறையும் கந்தோரும் அங்கே போகும் என்றே அது சொன்னது. பாடசாலைகள் மூடிக்கிடந்த 2020 இல், நான் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவைக் கேட்பதற்கே என் மாணவர் வீடுகளில் மூன்று பிள்ளைகள் ஒரு தொலைபேசிக்காகக் காத்திருந்தார்கள். அந்த வீடுகளுக்கு, மெய்நிகர் உலகைக் காணத் தலையில் மாட்டும் கருவியை யார் வாங்கிக் கொடுப்பது? இன்னொன்றையும் கேட்கிறேன்: நிறுவனம் மூடிவிட்டால் உங்கள் தம்பி கட்டிய வீடு யாருடையது?

அக்கரைப்பற்று நஸ்ரின்:
அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது, சேர். மைக்ரோசொப்ட் 2023 மார்ச்சில் ஓல்ற்ஸ்பேஸ் என்ற தன் மெய்நிகர் உலகை மூடிய செய்தியைப் படித்த அன்றே, கட்டியவை எல்லாவற்றையும் படமெடுத்து வைக்கும்படி தம்பியிடம் சொன்னேன். அவன் வேலியிலிருந்து தொடங்கினான்.