மிடோரி தன் உச்சத்தைத் தானே கைவிட்டாரா?

நாலுதந்தி:
ஜப்பானிய வயலின் கலைஞர் மிடோரியின் பாகனினி கேப்ரிஸ் (வயலினில் தனியாக வாசிக்கும் கடினமான சிறு படைப்புகள்) பதிவை நேற்று மறுபடியும் கேட்டேன். மொத்தம் 24, அதுவும் பதின்வயதில் வாசித்தவை. அந்த வேகத்திலும் ஒரு சுரம்கூட மழுங்கவில்லை. 1982 டிசம்பர் 31 இரவு, 11 வயதில், இசைக்குழு நடத்துநர் ஜூபின் மேத்தா நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் குழுவின் மேடையில் ஏற்றிவிட்ட குழந்தை. அதே வேகத்தில் போயிருந்தால் இன்று வயலின் என்றதும் முதலில் அவர் பெயர்தான் வந்திருக்கும். ஆனால் 1992இலேயே பள்ளிப் பிள்ளைகளுக்கு இசை கொண்டுபோக ஓர் அமைப்பைத் தொடங்கினார். அப்புறம் உளவியல் படிப்பு, 2004இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பேராசிரியர் வேலை. ஒரு மகா கலைஞரின் நேரம் சிதறிப்போனது என்றுதான் எனக்குப் படுகிறது.

பின்வரிசை:
நான் இதை ஏற்க மாட்டேன். ‘அதே வேகம்’ அவரை எங்கே கொண்டுபோய் விட்டது? 1994இல் உணவுக் கோளாறால் மருத்துவமனையில் சேர்ந்தார், மாதக்கணக்கில் கச்சேரி இல்லை. இதைத் தன் வாழ்க்கைக் குறிப்பில் அவரே எழுதியிருக்கிறார். உளவியலை முறையாகப் படித்து 2000இல் பட்டம் வாங்கியதெல்லாம் அதற்குப் பிறகுதான். ஐம்பதைத் தாண்டியும் அவர் வாசித்துக்கொண்டிருக்க இந்த மாற்றமே காரணம் என்று நம்புகிறேன்.

குவார்னேரிப்பித்தன்:
நான் நாலுதந்தி பக்கம். 1986இல் அமெரிக்காவின் டாங்கிள்வுட் இசை விழாவில் அவர் வாசித்த கச்சேரியை எடுத்துக்கொள்ளுங்கள். 14 வயது, இசையமைப்பாளர் பெர்ன்ஸ்டைனின் ‘செரனேட்’ என்ற படைப்பு, இசைக்குழுவை நடத்துபவரும் பெர்ன்ஸ்டைன். ஐந்தாம் பகுதியில் ஈ தந்தி (வயலினின் மிக மெல்லிய தந்தி) அறுகிறது. உடனே கன்சர்ட்மாஸ்டரின் (குழுவின் முதன்மை வயலின் கலைஞர்) ஸ்ட்ராடிவேரியஸ் வயலினை வாங்கித் தொடர்கிறார். அதிலும் ஈ தந்தி அறுகிறது. அடுத்து துணை கன்சர்ட்மாஸ்டரின் குவாடனினி வயலின். அதில் வாசித்து முடிக்கிறார். கழுத்தின் பருமன், மோவாய் வைக்கும் இடம் எல்லாம் வயலினுக்கு வயலின் மாறும். விரல் மயிரிழை தள்ளி விழுந்தாலே சுருதி போய்விடும். பிறகு நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் செய்தி. இந்த மன உறுதியை எந்த வகுப்பறையும் தராது, மேடைதான் தரும். அப்படிப்பட்டவரைப் பாடம் நடத்த அனுப்பினால் நஷ்டம் கேட்பவர்களுக்குத்தான்.

பின்வரிசை:
அனுப்பியது யார்? அவரே விரும்பிப் போனார். மேடையை விட்டுவிட்டார் என்பதும் சரியில்லை. ஹங்கேரிய இசையமைப்பாளர் பீட்டர் எட்வெஷ் தன் ‘டோரேமி’ கான்செர்ட்டோவை (தனிக் கலைஞர் இசைக்குழுவோடு வாசிக்கும் படைப்பு) இவருக்காகவே எழுதினார், 2013இல் லாஸ் ஏஞ்சல்ஸில் அரங்கேறியது. இவர் வாசித்த, இசையமைப்பாளர் ஹிண்டெமித்தின் கான்செர்ட்டோ இடம்பெற்ற தொகுப்பு கிராமி விருது வாங்கியது. இசையமைப்பாளர் பாக்கின் தனி வயலின் படைப்புகள் ஆறும் இவர் வாசிப்பில் 2015இல் வெளிவந்தன. பெரிய அரங்கில் வாசிப்பவர் சின்ன ஊர் இளைஞர் இசைக்குழுவோடும் உட்கார்ந்து ஒத்திகை பார்க்கிறார், அதே பிள்ளைகளோடு மேடையிலும் வாசிக்கிறார். அந்தக் குழுவின் கடைசி வரிசைப் பையனுக்கு அது எப்பேர்ப்பட்ட விஷயம்! எனக்கு அந்த வரிசை நன்றாகத் தெரியும், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நாலுதந்தி:
பிள்ளைகளுக்கு நல்லதுதான், அதை யார் மறுத்தார்கள்? ஆனால் அவர் கையில் இருப்பது 1734ஆம் ஆண்டு குவார்னேரி டெல் ஜெசு என்ற இத்தாலியக் கைவினைஞர் செய்த வயலின். அந்த வயலினும் அந்தக் கையும் சேர்ந்தால் வரும் இசையை வேறு யாராலும் தர முடியாது. பாடம் நடத்த நல்ல ஆசிரியர்கள் வேறு பலர் இருக்கிறார்கள்.

பின்வரிசை:
அந்த வயலினை முன்பு வைத்திருந்தவர் யார் தெரியுமா? போலந்து வயலின் கலைஞர் ப்ரோனிஸ்லாவ் ஹூபர்மன். நாஜிகளிடமிருந்து யூத இசைக்கலைஞர்களைக் காப்பாற்றி, 1936இல் பாலஸ்தீன இசைக்குழுவைத் தொடங்கியவர். இன்றைய இஸ்ரேல் ஃபில்ஹார்மோனிக் அதுதான். அதற்காக அவர் செலவிட்ட நேரத்தையும் ‘சிதறல்’ என்று எழுதுவீர்களா?

நாலுதந்தி:
மாட்டேன். ஆனால் அப்போது ஹூபர்மனுக்கு வயது ஐம்பதுக்கு மேல். நாற்பது வருஷத்துக்கும் அதிகமாக மேடையில் வாசித்துத் தீர்த்த பிறகு செய்த வேலை அது. மிடோரி தன் அமைப்பைத் தொடங்கியபோது இருபதைத்தான் தாண்டியிருந்தார். உச்சத்தில் நின்று வாசித்திருக்க வேண்டிய வயது. என் வருத்தமெல்லாம் அந்த வருஷங்களைப் பற்றித்தான்.

பின்வரிசை:
அந்த வருஷங்களிலும் அவர் உலகம் சுற்றி வாசித்துக்கொண்டுதான் இருந்தார். நீங்கள் கேட்கும் உச்சம் அவர் உடம்பை என்ன செய்தது என்பதற்கு 1994தான் பதில். அவர் பள்ளிகளுக்குப் போனது வாசிப்பைக் குறைக்கவில்லை. வாசிக்க ஒரு காரணத்தைக் கொடுத்தது. கேப்ரிஸைக் கேட்ட அதே காதோடு 2015 பாக் பதிவின் ‘ஷகோன்’ பகுதியைக் கேளுங்கள், பிறகு பேசுவோம்.