ஒரே லேப்டாப்பில் இரண்டு வைஃபை: தானாக மாற வழி உண்டா?

நண்பர்களே, ஒரு உதவி வேண்டும். என் லேப்டாப்பில் ஓடுவது உபுண்டு லினக்ஸ். உள்ளேயே இருக்கும் வைஃபை கார்டு ரூட்டருக்குப் பக்கத்தில் 5 கிகாஹெர்ட்ஸில் நல்ல வேகம் தருகிறது. தூரத்து அறைக்குப் போனால் படுத்துவிடும். அதற்காக நீளமான ஆன்டெனா உள்ள யூஎஸ்பி அடாப்டர் ஒன்றையும் செருகியிருக்கிறேன். அது 2.4 கிகாஹெர்ட்ஸில் சுவர் தாண்டியும் சிக்னல் பிடிக்கிறது, வேகம்தான் குறைவு.

இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க் மேனேஜரில் இரண்டுக்கும் தனித்தனி புரொஃபைல் போட்டு, இரண்டையும் ஒரே ரூட்டரில் இணைத்துவிட்டேன். ரூட் மெட்ரிக் (எந்த வழிக்கு முன்னுரிமை என்று சொல்லும் எண்) எதற்குக் குறைவோ அந்த வழியாகத்தான் டேட்டா போகும் என்பதால் உள் கார்டுக்குக் குறைந்த எண் கொடுத்தேன். அதுவரை சரி. சிக்கல் என்னவென்றால், மெட்ரிக்குக்கு சிக்னல் பலமெல்லாம் தெரியாது. உள் கார்டின் இணைப்பு முழுவதும் அறுந்தால்தான் அடுத்ததற்குத் தாவுகிறது. அதுவரை ஒற்றைக் கோட்டு சிக்னலைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும். தாவும்போது ஐபி முகவரியும் மாறுவதால் வீடியோ கால் நின்றுவிடுகிறது. இதுதான் பெரிய தொல்லை.

பாண்டிங்கில் (இரண்டு இணைப்புகளை ஒன்றாகக் கட்டுவது) ஆக்டிவ்-பேக்கப் முறையை (ஒன்று வேலை செய்ய, மற்றது காத்திருக்கும்) இரண்டு வைஃபைக்கு யாராவது பயன்படுத்தியிருக்கிறீர்களா? மேக் முகவரி (ஒவ்வொரு கார்டுக்கும் உள்ள அடையாள எண்) விஷயத்தில் சில டிரைவர்கள் முரண்டு பிடிக்குமாமே, எப்படிச் சமாளித்தீர்கள்? இல்லை, சிக்னலைப் பார்த்து மெட்ரிக்கை மாற்றும் ஸ்கிரிப்ட் எழுதுவதே மேலா? கையால் மாற்றும் வழி தெரியும், அது வேண்டாம்.