ஒரு நாவலுக்கு 12 வாரம் தேவையா? வீட்டுக்கல்வியில் இலக்கியப் பாடத்தின் வேகம்

பென்சில்வேனியா அம்மா:

என் மகன் ஏழாம் வகுப்புப் பாடங்களை இந்த ஆண்டு வீட்டிலிருந்தே படிக்கிறான். ஆங்கில இலக்கியத்துக்கு, புதையல் தேடிக் கப்பலேறும் சிறுவன் ஜிம்மின் கதையான ஸ்டீவன்சனின் ‘டிரெஷர் ஐலண்ட்’ நாவலையும், அதற்கென்று விற்கப்படும் பயிற்சிக் கையேடு ஒன்றையும் எடுத்துக்கொண்டோம். 34 அத்தியாயங்களையும் ஆறு வாரத்தில் முடிக்கும்படி கையேட்டின் கால அட்டவணை சொல்கிறது. அதே கையேடு ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் அருஞ்சொல் பட்டியல், பத்து வினாக்கள், ஒரு பத்தி எழுத்து என்றும் கேட்கிறது. இரண்டும் ஒன்றாக நடக்காது. ஆகவே வாரத்துக்கு மூன்று அத்தியாயம் என்று வைத்து, 12 வாரம் எடுத்துக்கொள்வதே சரி என்று கருதுகிறேன். 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலமும் மாலுமிகளின் கொச்சைப் பேச்சும் கலந்த நடையை ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஓட்டமாகப் படித்தால் கதை மட்டும் மிஞ்சும், மொழி மிஞ்சாது. மேலும், எங்கள் மாநிலச் சட்டம் ஏழாம் வகுப்பு முதல் ஆண்டுக்கு 180 நாள் அல்லது 990 மணி நேரப் படிப்பைக் கேட்கிறது. ஆண்டு முடிவில் பிள்ளையின் எழுத்து மாதிரிகளை மதிப்பீட்டாளர் பார்க்கிறார். நிதானமாகச் செய்த வேலைதான் அங்கே நிற்கும்.

டெக்சஸ் தந்தை:

சகோதரி, 12 வாரம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இந்த நாவலின் தொடக்கப் பகுதி முழுவதும் ஒரே ஓர் ஐயத்தின்மேல் நிற்கிறது. ஒற்றைக்கால் மாலுமி எவனாவது வருகிறானா என்று கவனித்துச் சொன்னால் மாதம் ஒரு வெள்ளிக்காசு தருவதாக, முதல் அத்தியாயத்திலேயே விடுதிக்கு வந்த கிழவன் சிறுவன் ஜிம்மிடம் சொல்கிறான். அந்த ஒற்றைக்காலன் ஜிம்மின் கனவில் வந்து அவனை நடுங்க வைக்கிறான். எட்டாம் அத்தியாயத்தில் கப்பலின் சமையற்காரன் சில்வர் ஒற்றைக்காலோடு எதிரே நிற்கிறான். ஆனால் அவன் அத்தனை இனியவனாகப் பழகுவதால் ஜிம்மின் சந்தேகம் கரைந்துவிடுகிறது. பதினோராம் அத்தியாயத்தில், ஆப்பிள் பீப்பாய்க்குள் ஒடுங்கியிருந்தபடி, அதே சில்வரின் சதிப் பேச்சை ஜிம் கேட்கிறான். உங்கள் கணக்கின்படி அந்தக் கனவுக்கும் பீப்பாய்க்கும் இடையே ஏறக்குறைய ஒரு மாதம் ஓடிவிடும். கனவின் அச்சம் நெஞ்சில் ஈரமாக இருக்கும்போதுதான் பீப்பாய்க் காட்சி பிள்ளையை உலுக்கும்.

என் யோசனை இது: கையேட்டைத் திறக்காமலே இரண்டு வாரத்தில் நாவல் முழுவதையும் வாசிக்கட்டும், பிறகு தேர்ந்தெடுத்த வினாக்களுக்கு மூன்று வாரம் கொடுங்கள். சட்டத்தைப் பொறுத்தவரை, நீங்கள் எழுதிவரும் பதிவேட்டில் வாசித்த நூல்களின் தலைப்புகள் இருக்க வேண்டும். ஒரு நூலுக்கு எத்தனை வாரம் என்று அது கேட்பதில்லை. மிச்சமாகும் வாரங்களில் இன்னொரு நாவலே படித்துவிடலாம்.

பென்சில்வேனியா அம்மா:

சகோதரரே, இந்தக் கதை முதலில் புத்தகமாக வரவில்லை. ‘யங் ஃபோக்ஸ்’ என்ற சிறுவர் வார இதழில் 1881 அக்டோபர் முதல் 1882 ஜனவரி வரை தொடர்கதையாக வந்து, 1883இல்தான் நூலாயிற்று. அதாவது, இதன் முதல் வாசகர்களான சிறுவர்கள் வாரத்துக்கு ஏறக்குறைய இரண்டு அத்தியாயம் என்ற அளவில், என் திட்டத்தைவிட மெதுவாகவே படித்திருக்கிறார்கள். வார இதழுக்காகக் காத்திருந்து தொடர்கதை படித்த நம் அம்மாக்களுக்கும் பாட்டிகளுக்கும் எந்தத் திருப்பமும் மறந்துபோனதில்லை. தவிர, முடிவு தெரிந்துவிட்ட கதைக்கு மறுபடி உட்கார்ந்து விடை எழுத என் மகன் ஒப்பமாட்டான்.

டெக்சஸ் தந்தை:

அந்தச் சிறுவர்களுக்குக் காத்திருப்பு இருந்தது உண்மை. ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் பத்து வினா இருக்கவில்லை. என் கவலை வாரக்கணக்கைப் பற்றியது மட்டுமன்று, வாசிப்பின் நடுவே பிள்ளையை எத்தனை முறை நிறுத்துகிறோம் என்பதைப் பற்றியது. 22ஆம் அத்தியாயத்தின் இறுதியில் ஜிம் ஒரு சிறு பரிசலைக் கண்டெடுக்கிறான். கோணலான மரச்சட்டம், அதன்மேல் மயிர்ப்பக்கம் உள்ளே இருக்கும்படி இழுத்துக் கட்டிய ஆட்டுத்தோல் என்று நூலாசிரியரே அதைக் கண்முன் நிறுத்திவிடுகிறார். அந்த இடத்தில் அகராதியைப் புரட்டிப் பொருள் எழுதச் சொல்வது, கிடைத்த படத்தை அழித்துவிட்டு விளக்கத்தை ஒட்டுவதாகும்.

ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்:

இருவரும் வாரத்துக்கு இத்தனை அத்தியாயம் என்று சீராக வகுப்பதால்தான் இந்தச் சிக்கல் என்று எனக்குத் தோன்றுகிறது. நூல் ஆறு பகுதிகளாக இருக்கிறது. அவற்றில் முறையே 6, 6, 3, 6, 6, 7 அத்தியாயங்கள். முதல் இரண்டு பகுதிகளைத் தந்தை சொல்வதுபோல் தடையின்றி ஓடவிடுங்கள்; பீப்பாய் அதற்குள் வந்துவிடும். ஆனால் 16ஆம் அத்தியாயத்தில் கட்டாயம் நில்லுங்கள். அதுவரை ஜிம் சொல்லிவந்த கதையை அங்கிருந்து மூன்று அத்தியாயங்களுக்கு மருத்துவர் லிவ்சி சொல்கிறார். 19இல் மீண்டும் ஜிம் வருகிறான். ஜிம் தீவில் தனியே அலைகிறான். மற்றவர்கள் கப்பலைக் கைவிட்டதை அவன் கண்ணால் பார்க்கவில்லை. பார்க்காதவன் எப்படிச் சொல்வான் என்ற கேள்வியைப் பிள்ளையே எழுப்பும்வரை பொறுத்திருந்தால், கதைசொல்லியின் பார்வைக்கோணம் என்ற பாடத்தை நாம் தனியாக நடத்த வேண்டியதில்லை. வேகமாகப் படிக்கும் பிள்ளைகள் இந்த மாற்றத்தைக் கவனிக்காமலே கடந்துபோவதை வகுப்பறையில் நிறையப் பார்த்திருக்கிறேன். இந்த ஓர் இடத்துக்காகவே நான் அம்மாவின் பக்கம்.

எழுத்துக்கு, ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் ஒரு பத்தி என்பதைவிட, ஒரே கட்டுரை போதும். கொள்ளையர்கள் தங்களுள் ஒருவனுக்கு விடுக்கும் அழைப்பாணையான கரும்புள்ளி இரண்டு முறை வருகிறது. மூன்றாம் அத்தியாயத்தில் குருடன் பியூ அதைக் கிழவன் கையில் வைக்கிறான். கிழவன் அங்கேயே விழுந்து இறக்கிறான். 29ஆம் அத்தியாயத்தில் கொள்ளையர்கள் பைபிளின் தாளைக் கத்தரித்துச் சில்வரிடம் அதைத் தருகிறார்கள். சில்வரோ பேசியே அவர்களைத் தன் வழிக்குத் திருப்பிவிடுகிறான். ஒருவனைக் கொன்ற அதே அடையாளம் இன்னொருவனிடம் ஏன் பலிக்கவில்லை? இதற்கு இரண்டு பக்கம் எழுதும் பிள்ளை நாவல் முழுவதையும் படித்துவிட்டது என்று எந்த மதிப்பீட்டாளரும் அறிவார்.

டெக்சஸ் தந்தை:

கரும்புள்ளிக் கட்டுரையை முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் ஐயா, 29ஐப் படிக்கையில் மூன்றாம் அத்தியாயம் நினைவில் நிற்க வேண்டுமென்றால், அதற்கும் என் வேகமே உதவும். 16இல் நிறுத்துவதானாலும், பிள்ளை இரவில் முன்னால் வாசித்துக்கொண்டே போவதைத் தடுக்கக் கூடாது.

பென்சில்வேனியா அம்மா:

ஐயா சொன்ன பகுதி முறையை எடுத்துக்கொள்கிறேன். முதல் 12 அத்தியாயங்களுக்குக் கையேடு மூடியே இருக்கும். உள்ளடக்க வினாக்களில், விடையை நூலிலிருந்து அப்படியே எடுத்து எழுதக்கூடியவற்றை அடித்துவிடுகிறேன். அருஞ்சொற்களை மட்டும் விடமாட்டேன். வாசித்து முடித்த பகுதிக்குப் பின், அவனே குறித்துவைத்த சொற்களை அகராதியில் பார்க்கட்டும். மொத்தம் எட்டு அல்லது ஒன்பது வாரம் ஆகும் என்று தோன்றுகிறது. அதற்குக் குறைக்க எனக்கு மனமில்லை. இரவில் முன்னால் வாசித்துக்கொள்ளட்டும், சகோதரரே. ஆனால் மருத்துவர் ஏன் பேச வந்தார் என்று தன் சொற்களில் எழுதிக் காட்டும்வரை, 19ஆம் அத்தியாயத்தின் பயிற்சித் தாள் என் கையில்தான் இருக்கும்.