வேலையில இருந்துக்கிட்டே எம்பிஏ ப்ராஜெக்ட் எழுதினவங்க, மறக்க முடியாத ஒண்ணைச் சொல்லுங்க

மாங்கூழ்_கிருஷ்ணகிரி
போன வாரம் வைவா, அதான் ப்ராஜெக்ட்டுக்கான வாய்மொழித் தேர்வு, முடிஞ்சது, பாஸ். ஆனா ஒண்ணு மனசுல கிடந்து அரிக்குது. வயசு 41, ஓசூர் சிப்காட்ல வேலை, ஞாயித்துக்கிழமை கிளாஸ். தலைப்பு எல்லாரும் எடுக்கறதுதான், தொழிலாளர் திருப்தி. கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஆலை, ஜூன் மாசம், சீசன் உச்சம். 25 கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் அஞ்சு கட்டம்; ஒண்ணுன்னா சுத்தமா ஒப்பல, அஞ்சுன்னா முழுக்க ஒப்பு. படிக்கத் தெரியாதவங்களுக்கு நானே வாசிச்சு டிக் போட்டேன்.

ஒரு அம்மா. பெங்களூரா மாங்கா அறுத்து அறுத்து, காம்புப் பால் பட்டு விரல் இடுக்கெல்லாம் வெந்து கறுத்திருந்தது. "பணியிடம் பாதுகாப்பாக உள்ளது"ன்னு வாசிச்சேன். அவங்க என்னைப் பாக்கல, என் தோளுக்குப் பின்னாடி பாத்தாங்க. "எல்லாத்துக்கும் அஞ்சே போட்டுக்கோ சாமி"ன்னாங்க. போட்டேன். வரிசையா 25 டிக்.

ஆல்பா, அதாவது கேள்விகளுக்கு வந்த பதிலெல்லாம் ஒண்ணோட ஒண்ணு எவ்வளவு ஒத்துப்போகுதுன்னு காட்டற எண், 0.93 வந்தது. 0.7 தாண்டினாலே போதும்னு படிச்சிருந்தேன், அவ்வளவு சந்தோஷம். கைடு அந்த எண்ணைப் பாக்கவே இல்ல. தாளைப் புரட்டிக்கிட்டே, "இவங்க பூரா அஞ்சு, அடுத்தவங்க பூரா நாலு. இப்படி இருந்தா ஆல்பா ஏறத்தான் செய்யும். மேஸ்திரி எங்க நின்னாரு?"ன்னு கேட்டார்.

என் பின்னாடிதான் நின்னார்.

தருமபுரி_கணக்கு
அண்ணா, படிக்கும்போதே எனக்கு வயித்தைப் பிசைஞ்சது. என்னுது வேற. லிட்ரேச்சர் ரிவ்யூல, அதான் முன்னாடி வந்த கட்டுரைகளைப் பத்தி எழுதற பகுதியில, 38 சதவீதம் மத்தவங்க எழுத்தோட ஒத்துப்போகுதுன்னு ரிப்போர்ட் வந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவோட (யுஜிசி) 2018 விதிப்படி 10 வரைக்கும்தான் விடுவாங்க. 10க்கு மேல 40 வரைக்கும்னா திருத்தித் திரும்பக் கொடுக்கணும். நான் திருடல, அங்கங்க வார்த்தையை மாத்தினேன், கீழ எழுதினவங்க பேரும் போட்டேன். மேடம் ஒரு பக்கத்தை நீட்டி, "இதுல நீ எங்கம்மா இருக்க?"ன்னாங்க. பக்கம் பூரா மஞ்சளும் சிவப்பும். என் வரின்னு நிறம் ஏறாம இருந்தது ரெண்டே ரெண்டு.

அன்னிக்கு ராத்திரி லேப்டாப்பை மூடிட்டு, ஒவ்வொரு கட்டுரையையும் எம்பொண்ணுகிட்ட கதையா சொன்னேன். எட்டாவது படிக்கறா. அவளுக்குப் புரியாத இடமெல்லாம் எனக்கும் புரியாத இடம். சொன்னதை அப்படியே எழுதினேன். மொத்தம் 14 கட்டுரை, ரெண்டு மாசம் ஆச்சு.

புள்ளியியல்_ஓசூர்
மாங்கூழ் நண்பரே, நீங்க எத்தனை பேர்கிட்ட வாங்கினீங்கன்னே சொல்லல. அதுதானே முதல் கேள்வி? நான் ப்ராஜெக்ட் பண்ணினப்ப 60 ஃபாரம் கொண்டுபோய்த் திட்டு வாங்கினவன், அதான் சொல்றேன். மொத்தம் இத்தனை பேர் இருந்தா எத்தனை பேர்கிட்ட கேட்டா போதும்னு கிரெஜ்சி, மார்கன் ரெண்டு பேரும் 1970ல போட்ட அட்டவணையைப் பாருங்க. 200 பேர் இருக்கற இடத்துக்கு 132, பத்தாயிரம் பேருக்கு 370. பத்து லட்சம் ஆனாலும் 384தான். அடுத்தது, கேள்விகளை எல்லாம் ஒரே பக்கம் சாய்க்காதீங்க. "இந்த வேலையை விட்டுடலாம்னு தோணுது"ன்னு நாலஞ்சு எதிர்க் கேள்வி நடுவுல வைங்க, பூரா அஞ்சு போடறவங்க அங்க மாட்டுவாங்க. முதல்ல 20 பேர்கிட்ட முன்னோட்டம் பாருங்க. கட்டுரை தேட கூகுள் ஸ்காலர், பழைய ஆய்வேடுக்கு சோத்கங்கா, மேற்கோளுக்கு சோடேரோ, மூணும் இலவசம். கையால பட்டியல் போட்டா கமா தப்பும்.

மாங்கூழ்_கிருஷ்ணகிரி
180 பேர்ல 123 பேர், உங்க அட்டவணையைப் பாத்துதாங்க எடுத்தேன். எண்ணிக்கையில குறை இல்ல. அந்த அம்மா மாட்டணும்னு எதிர்க் கேள்வி வைக்கச் சொல்றீங்க, அது எனக்கு ஒப்பல. அவங்க பொய் சொல்லல, பயந்தாங்க. அவங்களை அங்க நிக்கவச்சுக் கேட்டது என் தப்பு. ஷிப்ட் விட்டு பஸ்ஸுக்கு நிக்கும்போது கேட்டிருக்கணும்.

பாலக்கோடு_தக்காளி
என்னுது சின்னது. தக்காளி மண்டியில ஒரு பெரியவரைப் பேட்டி எடுத்தேன். "இடைத்தரகர்களால உங்களுக்கு எவ்வளவு நட்டம்?"னு எடுத்ததுமே கேட்டேன். காலிக் கிரேடைக் கவுத்துப்போட்டு உக்காந்தார். "நட்டம்னு யார் சொன்னா? நாத்துக்கும் மருந்துக்கும் யார் காசு குடுத்தா, அதைக் கேளு மொதல்ல"ன்னார். பதிலை நானே எழுதிக்கிட்டுத்தான் போயிருக்கேன்னு அப்பத்தான் உறைச்சது. கேள்வித்தாளைப் பையில வச்சுட்டு அவர் பேசறதைக் கேட்டேன், ஒரு மணி நேரம். என் ப்ராஜெக்ட்டோட நாலாவது அத்தியாயம் முழுக்க அவர் பேச்சுதான்.

மாங்கூழ் அண்ணா, அந்த 123 ஃபாரத்தை அப்படியேவா கொடுத்தீங்க?

மாங்கூழ்_கிருஷ்ணகிரி
ஆமாங்க. திரும்பப் போறதுக்குள்ள சீசன் முடிஞ்சு ஆலையைப் பூட்டிட்டாங்க, ஆளுங்களும் அவங்கவங்க ஊருக்குப் போயாச்சு. ஆய்வின் வரம்புகள்ங்கற இடத்துல, "தகவல் பெறும்போது மேற்பார்வையாளர் உடனிருந்தார்"னு ஒரு வரி சேத்தேன். வைவாவுல அந்த வரியைப் பத்தி யாரும் கேக்கல.